இடது பக்கத்துத் தார்

மாப்பிள்ளையின் காரில் பால் பாக்கெட்டை மிதித்து உடைத்தது அம்மா. நாற்றத்தைக் கண்டுபிடித்தது அப்பா. பிரிக்கலாம் என்று ஆரம்பித்தது மாமா. ஆனால் வீட்டில் இன்றைக்கும் அந்தச் சம்பவத்துக்குப் பெயர் 'இவன் கார் தரையைப் பிரிச்ச அன்னிக்கு' என்பதுதான். அந்த இவன் நான். சுரண்டியவன் கையில்தான் கறை இருக்கும் என்பது இயற்கை நியதி.

மாப்பிள்ளை என்றால் அப்போது இன்னும் முழு மாப்பிள்ளை ஆகவில்லை. அக்காவுக்குப் பேசி முடித்திருந்தார்கள்; கல்யாணம் அடுத்த மாதம். அவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. வேலை விஷயமாக வெளியூர் கிளம்பும்போது, அக்காவைக் காட்டி, "சும்மா நிக்கப்போற வண்டிதானே மாமா, அவங்க ஓட்டிப் பழகட்டும்" என்று தன் பழைய காரை எங்கள் போர்டிகோவில் விட்டுவிட்டுச் சாவியை அப்பா கையில் கொடுத்துப் போனார். ஒருவன் தானாக முன்வந்து சாவியைக் கொடுப்பது எங்கள் வீட்டில் லேசில் ஜீரணமாகிற விஷயம் இல்லை. அப்பா சாவியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. எடைக் கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தட்டைத் திருப்பி, அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா, காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆயுளில் பாதியை ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு தராசு கிடைக்காததால் எங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் பக்கம் நன்றாக இருக்கிறது என்றால் அடிப் பக்கத்தை உடனே பார்த்தாகவேண்டும் என்பது அவர் கொள்கை. மாப்பிள்ளைக்கு மேல் பக்கம் ரொம்பவே நன்றாக இருந்தது. குடி இல்லை, அலட்டல் இல்லை, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நிச்சயமான நாளிலிருந்து அப்பா அவருடைய அடிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. கிடைக்காததையே ஒரு தடயமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும், மறைக்க ஒரு விஷயம் இருந்தது எங்கள் பக்கம்தான். அக்காவுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது காது பிரமாதம். நான் அடுத்த அறையில் பிஸ்கட் டப்பாவை நினைத்தாலே அதற்குக் கேட்டுவிடும். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாமல் எல்லோரும் அவளுக்கு இடது பக்கமாகப் போய்விடுவோம். குடும்பமாகத் தெருவில் நடந்தால் அவளுடைய வலது பக்கம் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். இடது பக்கம் நாங்கள் மூன்று பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வருவோம்.

மாப்பிள்ளை வீட்டார் முதல்முறை வந்த அன்றைக்கு அப்பா விடிந்ததிலிருந்து கூடத்தில் நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் அக்காவின் நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, சுவர் அவளுக்கு வலது பக்கம் வரும்படி செய்தார். இனி வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு இடது பக்கம்தான். அவர்கள் வந்த பிறகும், எங்கிருந்து பேசினால் அவளுக்கு எட்டுகிறது என்று பார்க்க, அவரே நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தார். தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டுவது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குச் சாப்பாடு அந்த வீட்டில்தான். கல்யாணம் முடிந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது உத்தரவு. அக்கா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம் என்பது அப்பாவின் கணக்கு.

பால் சிந்திய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அவள் காலையிலேயே போய்விட்டாள். அப்பா காரின் இடது கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு நீளமாக மூச்சை இழுத்தார். வெளியே வந்து, இது பால் நாற்றம் இல்லை, பாலுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது என்றார். உண்மைதான். புளித்த பாலோடு, வெயிலில் ரோடு போடும் இடத்தில் வருமே, அப்படி ஒரு நெடியும் கலந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எல்லாத் தொழிலையும் ஒரு கை பார்த்தவர். எந்தத் தொழிலும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சமயம் ஐஸ்கிரீம் ஏஜென்சியில் இருந்தார். கார்ப்பெட்டை எடுத்துக் கழுவினால் நாற்றம் போய்விடும், சீட்டைக் கழற்றுவது ஒரு வேலையே இல்லை என்றார். அவர் ஒரு வேலையே இல்லை என்று சொல்லும் வேலைகளை நான்தான் செய்வேன்.

முன் சீட்டுகளைக் கழற்றிக் கார்ப்பெட்டை உருவினோம். வலது பக்கம், டிரைவர் காலடியில், கம்பெனி ஒட்டி அனுப்பிய தார்ப் பட்டை மட்டும் மெல்லிசாக, வயதுக்கேற்ற வெடிப்புகளோடு இருந்தது. கார்த் தரை அதிர்ந்து சத்தம் போடாமல் இருக்க எல்லா வண்டியிலும் அப்படி ஒட்டுவார்கள் என்றார் மாமா. இடது பக்கம் கதையே வேறு. அந்தத் தார்ப் பட்டைக்கு மேல் வெள்ளிக் காகிதம் போர்த்திய கறுப்பு ஷீட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மெத்தை மாதிரி. ஒன்றுகூட நேராக இல்லை. போதாக்குறைக்கு மஞ்சள் பசையை வாரிப் பூசியிருந்தார்கள். அது வெயிலில் இளகி, ஓரமெல்லாம் உருகி வழிந்து, அதில் அம்மாவின் பாலும் சேர்ந்து ஊறிக்கொண்டிருந்தது.

மாமா ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். வலது பக்கம் 'டங்' என்றது. இடது பக்கம் 'தொப்' என்றது.

"ஒரு பக்கம் மட்டும் எதுக்கு அத்தான் இவ்வளவு?" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்காகத்தான் அப்பா நிச்சயதார்த்தத்திலிருந்து காத்திருந்தார். முகத்தில் இளமை திரும்பியது. படிக்கும் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.

வழக்கு அங்கேயே நடந்தது. அடிபட்ட இரண்டு கார்களை வெட்டி ஒரு காராக ஒட்டியிருக்கிறார்கள், வெல்டிங் தெரியாமல் இருக்கத்தான் இந்த மெத்தை என்பது மாமா கட்சி. வெள்ளத்தில் முழுகிய வண்டி, கீழே தரையே இருக்காது, துருதான் இருக்கும் என்பது அப்பா கட்சி. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். டிரைவர் பக்கம் இல்லை, பக்கத்து சீட்டுக்குத்தான் இவ்வளவும் என்றால், அந்த சீட்டில் எவளோ ஒருத்தி உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்றாள். சந்தேகத்தில் அம்மாவுக்குப் பயிற்சி கிடையாது, ஆனால் வரம் உண்டு. அப்பாவும் மாமாவும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இறுதித் தீர்ப்புக்கு முன் எதிர்த்தரப்பையும் கேட்கவேண்டும் அல்லவா. அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். சாப்பாடு, தூக்கம், வெயில் எல்லாம் விசாரித்துவிட்டு, அப்படியே போகிற போக்கில் கேட்பது மாதிரி, வண்டியில் சத்தம் கித்தம் வருமோ என்று கேட்டார்.



"சத்தம் வருதா மாமா? இடது பக்கமா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கம் என்று ஒரு வார்த்தை எங்கள் தரப்பிலிருந்து போகவில்லை. அப்பா இல்லை இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று குழைந்தார். சாயந்தரம் ஊருக்கு வந்துவிடுவேன், நானே வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் நீங்கள் எதையும் தொடவேண்டாம் என்றார் மாப்பிள்ளை. அத்தோடு அவர் கதை முடிந்தது.

"இன்னிக்கு அடி வரைக்கும் பாத்துடணும். ஏதாவது இருந்துச்சுன்னா கல்யாணம் கிடையாது" என்றார் அப்பா. அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போயாச்சே என்று முணுமுணுத்தாள். அவள் சொல்லவந்தது அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா இந்த ஆளோடு போனில் பேசும்போது சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பு அதற்கு முன் கிடையாது. அவளுடைய அந்தச் சிரிப்பைத்தான் நான் பட்டி பிளேடால் சுரண்டப் போகிறேன் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன, பிளேடைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மேல் ஷீட்டுகளுக்கு, அனல் காற்றை ஊதுகிற ஹீட் கன். மாமா சூடு காட்ட, நான் ஓரத்தை நெம்பி இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் வராது. கூடினால் வெள்ளிக் காகிதம் மட்டும் கழன்று வந்து, கறுப்புக் கோந்து கீழேயே தங்கிவிடும். அந்தக் கோந்து கையிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து புருவத்துக்கும் வந்தது. புருவத்தை விட்டு மட்டும் வரமாட்டேன் என்றது. கிழிந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அப்பா வாங்கி, திருப்பி, அடிப் பக்கம் பார்த்து, சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்தார். எத்தனை வருடம் கழித்து அவருக்குத் திருப்பிப் பார்க்க ஏதோ கிடைத்திருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடியில் இருந்த கம்பெனித் தாருக்கு மாமா ஏஜென்சியிலிருந்து டிரை ஐஸ் கொண்டுவந்தார். கதவு நாலையும் விரியத் திறந்து வைத்து, தடித்த கையுறையோடு அதைத் தரையில் பரப்பினோம். வெள்ளைப் புகை படியிறங்கி கேட் வரைக்கும் போனது. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்து, எரியவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார். குளிரில் தார் இறுகியதும் சுத்தியலால் ஒரு தட்டு. சில்லுச் சில்லாகத் தெறித்தது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் ரசித்துச் செய்தேன். பிறகு ஹீட் கன்னை வயரோடு பிடுங்கி வீட்டுக்குள் தூர வைத்துவிட்டு, மிச்சப் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம்.

துடைக்கத் துடைக்கத் தரை வெளியே வந்தது. பெயிண்ட் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. வெல்டிங் இல்லை. துரு இல்லை. ஒரு கீறல் இல்லை. அப்பா டார்ச்சோடு படுத்துக்கொண்டு பார்த்தார். மாமா கதவில்தான் இருக்கும் என்று சொல்லி, இடது கதவின் உள்பலகையைக் கழற்றினார். அங்கேயும் அதே கோணல் ஷீட்டுகள். அதையும் உரித்தோம். அதற்கடியிலும் சுத்தமான தகடு.

ஒரு மனிதன் நல்லவன் என்று நிரூபணமானதற்கு இத்தனை பேர் சோர்ந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒருத்தன் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது நிம்மதி இல்லை.

"நான் சொன்னேனே. எவளோ ஒருத்தி அங்க உக்காந்து வந்திருக்கா. அவளுக்குச் சத்தம் ஆகாது" என்றாள் அம்மா.

"அந்த எவளோ நான்தான்" என்றது கேட் பக்கமிருந்து ஒரு குரல்.

அக்கா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நடந்ததை மட்டும், லேபில் ரிசல்ட் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். வேலை முடிந்து வரும்போது சில நாள் அவர்தான் அவளைத் தெருமுனை வரைக்கும் காரில் கொண்டுவந்து விடுவார். காரில் அவர் அவளுக்கு வலது பக்கம் உட்கார்கிறார். அவர் பேசுவதெல்லாம் கேட்காத காதுக்குப் போகிறது. ரோட்டுச் சத்தமெல்லாம் கதவு வழியாகவும் தரை வழியாகவும் கேட்கும் காதுக்கு வருகிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. கழுத்து வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அதற்காக ஒட்டியது. ஒட்டத் தெரியாமல் ஒட்டியது. எந்தப் பசை என்றுகூட அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் அவர் பேசுவதை அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்க முடிந்தது.

அப்பா தரையிலிருந்து எழுந்தார். முழங்காலில் தார்.

"அப்போ காது விஷயம் அவருக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்பா. நீங்க எங்களைத் தனியாப் பேச விட்டீங்களே, அப்ப கேட்டாரு. உங்களை ஏன் சுவத்தோட ஒட்டி உக்கார வச்சிருக்காங்கன்னு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"யாரும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் திறக்கல."

மாமா தொண்டையைக் கனைத்தார். ஷீட் விற்கும் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அவர் வருவதற்குள் புதுசாக ஒட்டிவிடலாம், பழையதைவிட நேராகவே ஒட்டலாம், தெரியவே தெரியாது என்றார். அப்பா ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை அக்கா பார்த்துவிட்டாள்.

"அவர் வந்ததும் நீங்களே சொல்லுங்கப்பா, எல்லாத்தையும். கேட்டுட்டு அவர் வேண்டாம்னு போனாருன்னா, அதையும் நீங்களே வந்து எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

கார்ப்பெட், கதவுப் பலகை, சீட்டுகள் எல்லாவற்றையும் மாட்டி முடிப்பதற்கும் மாப்பிள்ளை வருவதற்கும் சரியாக இருந்தது. அப்பா குளித்து, வேறு சட்டை போட்டு, பதவி உயர்வு நேர்காணலுக்குப் போவது போலக் கூடத்தில் தயாராக இருந்தார். ஆனால் மாப்பிள்ளை உட்காரவில்லை. காலையில் போனில் கேட்டதிலிருந்து அவருக்கு அதே யோசனை போல. வாங்க மாமா, ஒரு சுற்றுப் போய்ச் சத்தம் எங்கே வருகிறது என்று பார்த்துவிடலாம் என்றார். என் புருவத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். அப்பா இடது பக்கம் ஏறினார். சாட்சியாக வாடா என்பது போல என்னைப் பார்த்தார். பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

தெரு முனை தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தது. அது கார்ச் சத்தமே இல்லை. தகர டிரம்முக்குள் எங்களைப் போட்டு ஜல்லி மேல் உருட்டியது போல இருந்தது. கதவு தனியாக ஒரு ராகத்தில் அதிர்ந்தது. மாப்பிள்ளை புருவத்தை நெரித்துக்கொண்டு காலடியில் பார்த்தார்.

அப்பா ஆபீஸ் குரலில், தணிவாக, "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு விஷயம்" என்றார்.

"என்ன மாமா?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"கேக்கல மாமா."

அப்பா குரலை ஏற்றினார். கார் அதற்கு மேல் ஏற்றியது. வாழ்நாளில் யார் ரகசியத்தையும் உரக்கச் சொல்லிப் பழகாத மனிதர். கழுத்து நரம்பு புடைக்க வேண்டியிருந்தது. நான் பின்னால் இருந்து முன்னே சிக்னல் சிவப்பாக மாறுவதைப் பார்த்தேன். எச்சரித்திருக்கலாம். கார் நின்றது, சத்தம் பட்டென்று அடங்கியது, அந்த அமைதியில் அப்பா தொண்டை கிழியக் கத்தினார்.

"என் பொண்ணுக்கு வலது காது கேக்காது."

பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தார். நடைபாதையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள்.

"தெரியும் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நான் சொல்லணும்ல." அப்பா மூச்சு வாங்கினார். ஸ்கூட்டர்க்காரருக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தணித்துக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னார். நாற்காலியை மாற்றியதிலிருந்து, டிரை ஐஸ் வரைக்கும். என் மேலோ மாமா மேலோ எதையும் தள்ளவில்லை. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன், நான்தான் பிரித்தேன் என்று முடித்தார்.

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாப்பிள்ளை காரை ஓரமாக, பூட்டிக் கிடந்த ஒரு கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தார்.

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல."

"கதவுலயும் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

மாப்பிள்ளை மெதுவாகத் தலையாட்டினார். எனக்கு அக்காவின் சாத்திய கதவுதான் ஞாபகத்தில் ஓடியது. இந்த ஆள் இப்போது சொல்லப்போகும் ஒரு வார்த்தையை அப்பா வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகவேண்டும். அது என்ன எடை என்று தெரியவில்லை.

"கோபம் இருக்கு மாமா. இல்லைன்னு சொன்னா அதுக்கும் நீங்க சந்தேகப்படுவீங்க" என்றார் அவர்.

அப்பா மறுக்கவில்லை.

"லீவு நாளெல்லாம் உக்காந்து ஒட்டினேன். முதுகு விட்டுப்போச்சு." ஸ்டியரிங்கை விட்டு முதுகை ஒருமுறை நெளித்தார். பிறகு அவர் வாயோரம் ஏதோ அசைந்தது. "எங்க வீட்டுல எல்லாரும் உங்களுக்குத்தான் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அன்னிக்கு நீங்க நாற்காலி நாற்காலியா மாறி உக்காந்தீங்கல்ல. எங்கம்மா என்கிட்ட சொன்னாங்க, பாவம், மனுஷன் நாம பேசறது கேக்காம தவிக்கிறாருன்னு."

அப்பா இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்ககிட்ட நானே வந்து சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

"வாங்க. ஆனா முதல்ல வர்ற ஞாயித்துக்கிழமை இதை ஒட்டணும். தனியா ஒருத்தன் ஒட்டற வேலை இல்லை இது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் உருட்டணும். கல்யாணத்துக்கு முன்னாடி முடிஞ்சாகணும்."

கல்யாணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, பசை மட்டும் நான் வாங்குகிறேன், நீங்கள் வாங்கியது சரியில்லை என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் இருவரும் எந்தப் பசை நல்லது என்று உச்சக்குரலில் கத்திக்கொண்டு வந்தார்கள். பார்த்தவர்கள் ஏதோ பாகப்பிரிவினைச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டு வாசலில் மாமா காத்திருந்தார். மாப்பிள்ளை உள்ளே போய் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த இடைவெளியில், அப்பாவை ஓரமாக இழுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் கண் சுருங்கியது.

"இவ்வளவு பண்ணியும் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை வாங்கன்னு கூப்பிடுறானா? நம்ப முடியல அத்தான். உள்ள வேற ஏதோ இருக்கு."

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தார். அந்த யோசனை அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் அறைக் கதவைத் தட்டப் போனார்.